இராணி இல்லாத தேன் பெட்டி



திருமறையின் 16ஆம் அத்தியாயத்திற்கு ‘அந்நஹ்ல்’, அதாவது தேனீ என்று பெயர். அங்கே தேனீக்கு இடப்பட்ட கட்டளைகள் அரபியில் பெண்பால் வினைகளாக அமைந்திருப்பதை மத்ரஸாவில் இலக்கணம் நடத்தும்போதெல்லாம் மாணவர்களுக்குச் சுட்டிக் காட்டுவது என் வழக்கம். அடை கட்டுவதும் தேன் சேர்ப்பதும் பெண் தேனீக்களே. அவை அனைத்திற்கும் தாய், ஒரே ஓர் இராணித் தேனீ. அந்தத் தாய் இல்லாது போனால்?

பழவேற்காடு ஏரியை ஒட்டிய காட்டுப்பள்ளிப் பக்கத்தில் வாழும் என் சாச்சி, மீன்பாடு குறையும் மாதங்களில் கைகொடுக்கும் என்று எண்ணி, சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு தேன் பெட்டி வாங்கினார். ஒரு மாதம் சென்றபின், “தம்பி, ஈ போகுது, வருது. ஆனா நாளுக்கு நாள் கொறையுதே!” என்றார். தேனீ வளர்ப்பில் பழகிய ஒருவரை அழைத்துச் சென்றேன். அடையைத் தூக்கிப் பார்த்தவர், “இராணி இல்லை, காலம் கடந்துவிட்டது” என்றார். வண்டியில் வந்தபோதே இராணி நசுங்கியிருக்கலாம். சாச்சி வாயிலில் பறந்த ஈக்களைப் பார்த்தாரேயன்றி, அடைக்குள் பார்க்கவில்லை.

அறிவது எப்படி?

புதிய பெட்டியை வைத்தவுடன் அடிக்கடி திறக்கலாகாது. நம் நாட்டு இந்தியத் தேனீ, தொல்லை மிகுந்தால் கூட்டத்தோடு ஓடிவிடும். மாலையில் சர்க்கரைப் பாகு வைத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். இராணியைத் தேடி அலைய வேண்டியதில்லை. முட்டையைத் தேடினால் போதும். அறைக்கு ஒன்றாக, அடிப்பகுதியின் நடுவே, சிறு வெண்ணிறக் குச்சி போல் முட்டை தெரிந்தால் கவலையில்லை. முட்டை மூன்று நாளில் புழுவாகிவிடும். ஆகவே முட்டை இருப்பின், மூன்று நாட்களுக்குள் இராணி அங்கே இருந்திருக்கிறது.

ஓர் அறையில் பல முட்டைகள், அதுவும் சுவரோரத்தில் ஒட்டியிருந்தால், இராணியை இழந்த வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடுகின்றன என்று பொருள். அவற்றிலிருந்து ஆண் ஈக்கள் மட்டுமே பிறக்கும். சாச்சியின் பெட்டியில் கண்டது இதுவே.

செய்ய வேண்டுவன

முட்டையே காணாவிடில் உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். இன்னும் இணை சேராத இளம் இராணி உள்ளே இருக்கலாம். இராணி தப்பாதிருக்க வாயிலில் பொருத்தும் தகட்டை நெடுநாள் விட்டுவைத்தால், அது இணை சேரப் பறக்க இயலாமலே போகும் என்பதையும் நினைவிற் கொள்க.

ஐயம் தீர ஒரு சோதனை உண்டு. வேறொரு நல்ல பெட்டியிலிருந்து, முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை, ஈக்களை உதறிவிட்டு இதில் வையுங்கள். நான்கைந்து நாளில் நிலக்கடலை போல் தொங்கும் இராணி அறைகளைக் கட்டினால், இராணி இல்லை என்பது உறுதி. அச்சட்டமே மருந்துமாகும். முட்டையிலிருந்து ஏறத்தாழ 16 நாட்களில் புது இராணி வெளிவரும். அது இணை சேர்ந்து முட்டையிட மேலும் ஓரிரு வாரம் ஆகும். புழுவே இல்லாத கூட்டம் தானாக இராணியை உண்டாக்க இயலாது.

கூட்டம் மெலிந்திருந்தால், இராணியுள்ள வலுவான கூட்டத்தோடு சேர்ப்பதே நலம். மாலை நேரத்தில் இரண்டு அறைகளுக்கும் இடையே சிறு துளைகளிட்ட செய்தித்தாளை விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். ஈக்கள் தாளைக் கடித்து அகற்றுவதற்குள் இரு கூட்டத்தின் மணமும் கலந்து, பகை தணிந்துவிடும். அயல் இராணியை நேரே உள்ளே விடாதீர்கள், சூழ்ந்து கொன்றுவிடும். சிறு கூண்டில் சில நாள் வைத்தே விடவேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் 1924 முதலே தேனீ வளர்ப்புப் பயிற்சி நடந்து வந்தது. 1990களின் தொடக்கத்தில் வைரஸ் நோயால் அங்கே எண்ணற்ற கூட்டங்கள் அழிந்தன. எஞ்சியவற்றைப் பேணிப் பெருக்கியவர்களின் உழைப்பால் மீண்ட அத்தொழிலின் தேன், 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது.

சாச்சி இவ்வாண்டு மற்றொரு பெட்டி வாங்கினார். ஏழாம் நாள் காலை, வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, சட்டத்தைச் சாய்த்துப் பார்த்தார். “அறைக்கு ஒண்ணு இருக்கு தம்பி, அல்ஹம்துலில்லாஹ்!” என்றார்.

பெட்டி வாங்கும் சகோதரிகளே, விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அன்று. முட்டையுள்ள அடையைக் காட்டச் சொல்லுங்கள்.