வாக்கில்லாதவர்களின் பிரச்சாரம்

“ஓட்டே இல்லாதவன் எதுக்குய்யா ஊர்வலம் போறான்?” கலிபோர்னியாவின் 187ஆம் முன்மொழிவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் கேட்டார். அசட்டுக் கேள்வி இல்லை இது. போதிய கையெழுத்துகளைத் திரட்டினால் எந்தச் சட்டத்தையும் நேரடியாக வாக்காளர்முன் வைக்கும் முறை அங்கு உண்டு. ஆனால் இந்தச் சட்டம் யார்மீது பாய்ந்ததோ அவர்களுக்கு வாக்கு இல்லை.

1994 நவம்பர் 8இல் வாக்கெடுப்புக்கு வந்த அந்த முன்மொழிவு, ஆவணமற்ற குடியேறிகளுக்குப் பொதுப்பள்ளி, அவசரமல்லாத மருத்துவம், நல உதவிகள் அனைத்தையும் மறுத்தது. சந்தேகத்துக்குரியவர்களைப் பள்ளியும் மருத்துவமனையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. ஆசிரியர் போலீஸாக மாற்றப்பட்டார் என்று இதை வாசிக்கலாம்.

எதிர்ப்பு இரண்டு மொழிகளில் பேசியது. தொழில்முறைப் பிரச்சாரகர்கள், ‘சட்டவிரோதக் குடியேற்றம் பிரச்சினைதான், ஆனால் இது தீர்வல்ல’ என்றார்கள். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விரட்டினால் குற்றம் பெருகும், வைத்தியம் மறுத்தால் நோய் பரவும் என்றார்கள். குடியேறி ஓர் ஆபத்து என்ற சொல்லாடலை அப்படியே ஒப்புக்கொண்டு விடுகிறது இந்த வாதம். எதிராளியின் மொழியிலேயே பேச ஆரம்பித்தால் பாதி ஆட்டம் அங்கேயே முடிஞ்சு போச்சு.

தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள், மாணவர் குழுக்கள் வழியே எழுந்த இன்னொரு மொழி தெருவுக்கு வந்தது. அக்டோபர் 16இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஏறத்தாழ 70,000 பேர் நடந்தார்கள். நவம்பர் தொடக்கத்தில் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பறைகளை விட்டு வெளியேறினார்கள். மெக்சிகோ கொடிகளைப் பார்த்து வாக்காளர்கள் எரிச்சலடைவார்கள் என்று எதிர்ப்பாளர்களிலேயே சிலர் பதறினார்கள். விளிம்பில் இருப்பவன் பேசலாம், ஆனால் நாம் சொல்கிற மாதிரி பேசணும்!

முன்மொழிவு சுமார் 59 சதவீத வாக்குகளுடன் வென்றது. “அப்ப தோத்துட்டாங்கதானே?” என்றார் நண்பர். அன்றைய கணக்கில் ஆமாம். நீதிமன்றம் உடனே தடை விதித்தது. 1999இல் அரசு மேல்முறையீட்டைக் கைவிட, சட்டம் செத்தது. இதற்குள் தகுதியுள்ள குடியேறிகள் பெருமளவில் குடியுரிமை பெற்று வாக்காளர்களானார்கள். அந்த ஊர்வல அமைப்பாளர்களில் ஒருவரான கெவின் டி லியோன், குடியேற்ற அதிகாரிகளுக்கு உள்ளூர்ப் போலீஸ் உதவுவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை 2017இல் கொண்டுவந்தார்.

இதை வெற்றிக் கதையாக்க நான் தயாரில்லை. 2004இல் அரிசோனாவில் இதேபோன்ற 200ஆம் முன்மொழிவு நிறைவேறியது. நண்பருக்கு என் பதில் இவ்வளவுதான்: வாக்கெடுப்பு ஒரு நாள் சமாச்சாரம். தன்னைப் பற்றி மற்றவர்கள் மட்டுமே பேசிக்கொண்டிருந்த இடத்தில் தானே பேசத் தொடங்குவது அந்த ஒரு நாளோடு முடிந்துபோவதில்லை.