டெட்லைன்: ஒரு கோட்டோட கதை

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். "அம்மா இருக்காடா, நீ வேலையைப் பாரு"ன்னு சொன்னார். நானும் போகல. அன்னைக்கு ஒரு ரிலீஸ் டெட்லைன். ராத்திரி பதினொன்றரைக்கு வேலையை முடிச்சு அனுப்பினேன். திங்கட்கிழமை மீட்டிங்ல மேனேஜர் ரொம்ப சாதாரணமா சொன்னார்: "ரிலீஸ் அடுத்த மாசத்துக்குத் தள்ளிப் போயிடுச்சு."

அந்தக் கடுப்புலதான் 'டெட்லைன்'ங்கிற வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். அதுல 'டெட்' ஏன் இருக்கு? ஏன்னா ஒரு காலத்துல அந்தக் கோட்டைத் தாண்டினா நிஜமாவே சாவுதான்.

1864. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துட்டு இருக்கு. ஜார்ஜியா மாநிலத்துல ஆண்டர்சன்வில்ங்கிற ஊர்ல, தெற்குப் படை ஒரு போர்க் கைதி முகாம் திறக்குது. பத்தாயிரம் பேருக்குன்னு போட்ட திட்டம். ஆகஸ்ட் மாசம் உள்ளே இருந்தது சுமார் 33,000 பேர். சுத்தி உயரமான மரச்சுவர். அதுக்கு உள்பக்கம் சுமார் 19 அடி தள்ளி, குச்சி நட்டு மேலே மெல்லிசா ஒரு மரச்சட்டம். அவ்வளவுதான் வேலி. அதுக்குப் பேர்தான் 'டெட் லைன்'. அதைத் தாண்டினா, மேலே இருக்கிற காவலாளி சுடலாம். முகாம் நடுவுல ஓடின ஓடையில கொஞ்சம் சுத்தமான தண்ணி வேணும்னு சட்டத்துக்கு அடியில கை நீட்டினவங்களும் செத்திருக்காங்க.

அங்கே அடைக்கப்பட்ட சுமார் 45,000 பேர்ல ஏறக்குறைய 13,000 பேர் இறந்தாங்க. பெரும்பாலும் வயிற்றுப்போக்கு, ஸ்கர்வி மாதிரி நோய்கள். போர் முடிஞ்சதும் முகாம் அதிகாரி ஹென்றி விர்ஸ் மேல வழக்கு நடந்துச்சு. குற்றச்சாட்டுகள்ல இந்த டெட் லைனும் இருந்தது. 1865 நவம்பர் 10 அன்னைக்கு அவரைத் தூக்கிலிட்டாங்க.

ரீல்ஸ்ல எல்லாம் இங்கேயிருந்து நேரா நம்ம ஆபீஸுக்கு வந்துடுவாங்க. ஆனா நடுவுல சில நிறுத்தங்கள் இருக்கு. 1880-கள்ல நியூயார்க் போலீஸ் அதிகாரி தாமஸ் பைர்ன்ஸ், வால் ஸ்ட்ரீட் பக்கம் திருடங்க வராம இருக்க ஃபுல்டன் தெருவை 'டெட் லைன்'னு அறிவிச்சார். தாண்டினா கைது. துப்பாக்கி போய் விலங்கு வந்தாச்சு. அப்புறம் அச்சகத்துலயும் இதே வார்த்தை: அச்சு இயந்திரத்தோட படுகையில ஒரு கோடு, அதைத் தாண்டி வெச்ச எழுத்து தாள்ல விழாது.

1920 வாக்குல அமெரிக்கப் பத்திரிகைக்காரங்க பேச்சுலதான் அது நேரத்துக்கு மாறுது. இயந்திரம் ஓட ஆரம்பிச்சுட்டா, அப்புறம் வர்ற செய்திக்கு அந்தப் பதிப்புல இடமில்ல. எவ்வளவு கெஞ்சினாலும் இல்ல.

எனக்கு இதுல ஒண்ணு உறைச்சுது. இந்த எல்லாக் கோட்டுக்கும் அந்தப் பக்கம் ஏதோ ஒண்ணு இருந்துச்சு. துப்பாக்கி, போலீஸ், இயந்திரம். என்னோட வெள்ளிக்கிழமைக்கு அந்தப் பக்கம்? வெறும் சனிக்கிழமை.

எல்லா டெட்லைனும் பொய்னு சொல்ல வரல. வருமான வரி கட்டுற கடைசித் தேதியைத் தாண்டினா அபராதம் நிஜம். தீபாவளி ஆஃபருக்கான ஆப் தீபாவளி முடிஞ்சு வந்தா யாருக்கும் பிரயோஜனமில்ல. ஆனா யாரோ காலண்டர்ல சும்மா குறிச்ச தேதிக்கும் நாம அதே பயத்தைக் கொடுக்கிறோம். அந்த வார்த்தையே நம்மளை மிரட்டிடுது.

இந்த வாரம் புதுசா ஒரு தேதி வந்துச்சு. மேனேஜர்கிட்ட கேட்டேன்: "சார், இது ரெண்டு நாள் தள்ளிப்போனா யாருக்கு என்ன ஆகும்?" கொஞ்சம் யோசிச்சார். "ஒண்ணும் ஆகாதுப்பா. ஒரு டார்கெட் வேணும்ல, அதான்."

அப்பாவுக்கு இன்னொரு கண்ணுல ஆபரேஷன் அடுத்த வியாழக்கிழமை. லீவு போட்டாச்சு. அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே!