எத்தனை கிராம் ஏறியிருக்கு?

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் தாய்மார்கள் குழந்தை யார் ஜாடை என்று கேட்டுக்கொள்வதில்லை. நட்சத்திரமும் கேட்பதில்லை. “எத்தனை கிராம் ஏறியிருக்கு?” என்பதுதான் முதல் கேள்வி. நேற்று 1,140, இன்று 1,155. பதினைந்து கிராம் என்பது மூன்று டீஸ்பூன் சர்க்கரையின் எடை. வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னால் “அவ்வளவுதானா?” என்பார்கள். பக்கத்து பெஞ்சில் இருப்பவரோ கையைப் பிடித்துக்கொண்டு, “நாளைக்கு இருபது ஏறும் பாரு” என்பார். அவருடைய குழந்தை போன வாரம்தான் எடை குறைந்து, மறுபடி ஏறத் தொடங்கியிருக்கும்.

இந்தப் பிரசவத்துக்கு உறவும் ஊரும் தயாராக இருப்பதில்லை. வளைகாப்புக்கு நாள் குறித்து, வளையலும் வாங்கியாகிவிட்டது. அதற்குள் 28-வது வாரத்தில் ரத்த அழுத்தம் எகிறி, அவசரமாக சிசேரியன். மிட்டாய் கொடுப்பதா, கோயிலுக்கு முடிந்து வைப்பதா என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பார்க்க வருகிறவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். “பஸ்ஸுல போகாதேன்னு சொன்னேனே” என்று குற்றப் பத்திரிகை வாசிப்பது ஒன்று. “ஏழு மாசம் தங்கிடும், எட்டு மாசம்தான் தங்காது” என்று ஆறுதல் சொல்வது இன்னொன்று. இந்த ஏழு, எட்டுக் கணக்குக்கு மருத்துவத்தில் ஆதாரமே இல்லை. கருப்பையில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பொதுவாகக் குழந்தைக்கு லாபம்தான்.

37 வாரம் நிறையுமுன் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. 2020-ல் உலகம் முழுவதும் 1.34 கோடிக் குழந்தைகள் இப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து மதிப்பிட்டன. பத்துக்கு ஒன்று. இதில் இந்தியாவின் பங்கு மட்டும் சுமார் 30 லட்சம், வேறெந்த நாட்டையும்விட அதிகம். ‘எனக்கு மட்டும் ஏன்?’ என்று சுவரைப் பார்த்து அழும் பெண்ணைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் அதே நாளில் அழுதுகொண்டிருக்கிறார்கள். ஒருவரையொருவர் பார்த்துப் பேச அவர்களுக்கு இடமும் நேரமும் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த இடத்தை உண்டாக்கித் தந்த முன்னோடி மருத்துவமனைகள் வசதி பெருகி அதைச் செய்யவில்லை. கையில் ஒன்றும் இல்லாததால் செய்தன.

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் ஏழைப் பெண்கள் பிரசவத்துக்கு வரும் பெரிய தாய் சேய் மருத்துவமனை ஒன்று இருந்தது. 1970-களின் இறுதியில் அங்கே இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒரே பெட்டிக்குள் இரண்டு, மூன்று குழந்தைகளைப் படுக்க வைத்தார்கள். ஒன்றுக்கு வந்த தொற்று மற்றவற்றுக்கும் பரவியது. பிறந்ததிலிருந்து கையில்கூடத் தராத குழந்தையைச் சில தாய்மார்கள் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். 1978-ல் அங்கிருந்த குழந்தை மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா, கங்காரு தன் குட்டியை மடிப்பையில் வளர்ப்பதிலிருந்து ஒரு யோசனையை எடுத்தார். நிலை சீரான குழந்தையைத் தாயின் வெறும் மார்பில், தோலோடு தோலாகக் கட்டிவிடுவது. தாய்ப்பால் மட்டும் தருவது. சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பி, அடிக்கடி வரவழைத்துப் பார்ப்பது. அடுத்த ஆண்டு ஹெக்டர் மார்ட்டினெஸ் என்ற மருத்துவர் அவரோடு சேர்ந்துகொண்டார். கங்காரு பராமரிப்பு பிறந்த கதை இதுதான்.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி, வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்த விதம். பொகோட்டாவின் கங்காரு திட்டங்களில் தாய்மார்களை ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்துப் பார்த்து அனுப்புவதில்லை. ஒரே கூடத்தில் எல்லோரும் குழந்தையை நெஞ்சில் சுமந்தபடி உட்கார்ந்திருக்க, மருத்துவர் ஒவ்வொரு குழந்தையாகப் பார்ப்பார். பால் குடிக்கையில் உதடு நீலமாகிறது என்று ஒருத்தி சொன்னால், அதற்கான பதிலைக் கேட்கக் கேள்வியே கேட்காத பத்துப் பேர் அங்கே இருப்பார்கள். நம் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால் “ரகசியமே கிடையாதா?” என்று முகம் சுளிக்கலாம். ஆனால், டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படும் பெண்ணுக்கு அந்தக் கூடம் எவ்வளவு பெரிய சௌகரியம்!

1993-94-ல் அங்கே 746 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு பிரிவுக்குக் கங்காரு முறை, மறு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. நத்தாலி ஷார்பாக் என்ற குழந்தை மருத்துவரின் குழு, அந்தக் குழந்தைகள் இருபது வயதைத் தொட்டபோது அவர்களில் பலரை மறுபடி தேடிப்பிடித்தது. முடிவு 2017-ல் வெளியானது. கங்காரு முறையில் வளர்ந்தவர்கள் பள்ளிக்கு மட்டம் போட்டது குறைவு. துறுதுறுப்பும் மூர்க்கமும் குறைவு. இதில் தோல் ஸ்பரிசத்தின் பங்கு எவ்வளவு, அந்தக் கூடத்தில் தாய்மார்கள் கற்றுக்கொண்டதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துப் பார்ப்பது அவசியமா என்ன?

எஸ்டோனியாவில் பற்றாக்குறை வேறு மாதிரி. அது அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்தது. 1979-ல் தாலின் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் நர்ஸ்களே போதவில்லை. மருத்துவர் ஆதிக் லெவின், தாய்மார்களை உள்ளே தங்கவைத்து, குழந்தையின் அன்றாடப் பராமரிப்பை அவர்கள் கையிலேயே கொடுத்தார். ஊசி, மருந்து, ஆலோசனை ஆகியவை நர்ஸ்களின் வேலை. பிற்பாடு கனடாவின் டொரண்டோ மவுண்ட் சினாய் மருத்துவமனை இந்த முறையைத் தழுவி, ‘குடும்பம் இணைந்த பராமரிப்பு’ என்று ஒன்றை உருவாக்கியது. பெற்றோர் தினமும் குறைந்தது ஆறு மணி நேரம் குழந்தையோடு இருக்க வேண்டும். அவர்களுக்கு வகுப்பு உண்டு. ஏற்கெனவே குறைமாதக் குழந்தையை வளர்த்து வீட்டுக்குக் கொண்டுபோன ‘சீனியர்’ பெற்றோர் வந்து துணை நிற்பார்கள். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் 26 பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். குழந்தைகளின் எடை கூடுதலாக ஏறியிருந்தது. பெற்றோரின் மன அழுத்தமும் பதற்றமும் குறைந்திருந்தன.

அதே டொரண்டோவில் அதற்கு முன்பே இன்னொரு சோதனை நடந்திருக்கிறது. மிகக் குறைமாதத்தில் பெற்ற தாய்க்கு, அந்தப் பாதையைக் கடந்து வந்த இன்னொரு தாயைத் தோழியாகச் சேர்த்துவிட்டார்கள். அவ்வளவுதான், வேறு மருந்து மாத்திரை இல்லை. நான்கு மாதம் கழித்துப் பார்த்தால், தோழி கிடைத்தவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிடக் குறைவு. 2003-ல் வந்த ஆய்வு இது. ஆங்கிலம் தெரியாத புலம்பெயர்ந்த தாய்மார்களுக்கு அவரவர் மொழி பேசும் தோழியைத் தேடித் தந்ததையும் பின்னர் ஆராய்ந்தார்கள். ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், வியட்நாமிய, சீனத் தாய்மார்கள் அதில் பேசியிருக்கிறார்கள்.

அந்தத் தோழி என்னதான் செய்கிறாள்? நம் ஊர் வார்டையே எடுத்துக்கொள்ளலாம். மானிட்டர் ‘டிங் டிங்’ என்று அலறுகிறது. நேற்று வந்த அம்மாவுக்கு உயிரே போய்விடுகிறது. மூன்று வாரமாக அங்கே இருப்பவரின் பார்வை முதலில் குழந்தையின் பாதத்துக்குத்தான் போகும். சிவப்பு வெளிச்சம் தெரியும் அந்தச் சின்னப் பட்டை நழுவியிருக்கிறது. “பயப்படாதம்மா, கால்ல கட்டினது கழண்டிருக்கு. சிஸ்டரைக் கூப்பிடு.” சில சமயம் நிஜமாகவே மூச்சு நிற்பதும் உண்டு. குறைமாதக் குழந்தையின் மூளையில் மூச்சை நடத்தும் பகுதி இன்னும் முதிர்ந்திருக்காது. இருபது விநாடி, அதற்கும் மேல்கூட நிற்கலாம். சிஸ்டர் வந்து உள்ளங்காலைச் சுண்டினதும் குழந்தை சிணுங்கி மூச்சு விடும். இதை டாக்டர் விளக்கினால் தகவல். ‘என் பிள்ளைக்கு இதே மாதிரி நாலு தடவை வந்துச்சு, இப்ப வர்றதில்ல’ என்று சொல்ல பக்கத்துக் கட்டில்காரரால்தான் முடியும்.

பால் விஷயம் இன்னும் நுணுக்கமானது. உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடும் மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்ய, கர்ப்பக் கணக்கில் ஏறக்குறைய 34 வாரம் ஆக வேண்டும். அதுவரை பாலைக் கையால் பீய்ச்சி எடுத்து, முதலில் குழாய் வழியாகவும் பிறகு பாலாடையிலும் தர வேண்டும். நம் பாட்டிமார் கைக்குழந்தைக்கு மருந்து புகட்டிய அதே மூக்கு நீண்ட பாலாடைதான். அதைப் பிடிக்கும் விதத்தை ஒரு தாய் இன்னொரு தாய்க்குக் காட்டித் தருவதைப் பார்க்க வேண்டும். குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடி. பாலாடையின் மூக்கை உதட்டோரத்தில் வை. லேசாகச் சாய். குழந்தை நாக்கால் இழுக்கிறவரை பொறு. ஊற்றிவிடாதே, புரையேறிவிடும். பிரசவித்த இரண்டாம் நாள் அரை மணி நேரம் பீய்ச்சியும் பாத்திரத்தின் அடி நனையாமல் அழும் பெண்ணிடம், “எனக்கும் முத நாள் நாலு சொட்டுதான்” என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அப்படியும் பால் ஊறாதவர்களுக்கு? 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதலாவது என்று அதைச் சொல்வார்கள். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் 2014-ல் வந்தது. கொடுக்கும் தாய்க்கு எச்ஐவி, ஹெபடைட்டிஸ்-பி போன்ற பரிசோதனைகள் உண்டு. பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்து, குளிரவைத்து, உறையவைத்துப் பாதுகாக்கிறார்கள். குறைமாதக் குழந்தையின் குடலை அழுகச் செய்யும் கொடிய நோய் ஒன்று உண்டு. பவுடர் பாலைவிட இந்தப் பாலில் அதன் ஆபத்து குறைவு. பெயர் தெரியாத ஒருத்தி பெயர் தெரியாத இன்னொருத்தியின் பிள்ளைக்கு உதவும் ஏற்பாடு இது.

எல்லாம் தேனும் பாலும் என்று எழுதிவிட முடியாது. தாய்மார் கூடும் இடத்தில் ஒப்பீடும் வந்து உட்காரும். ஒரே நாளில் பிறந்த இரண்டில் ஒன்று ஆக்சிஜனை விட்டு வெளியே வந்துவிடும், இன்னொன்று திரும்ப வென்டிலேட்டருக்குப் போகும். அப்புறம் இரண்டு பெண்களும் கண்ணைப் பார்த்துப் பேசுவது நின்றுபோகும். ஒரு குழந்தை இறந்துபோனால் அந்த வரிசையே குலைந்துவிடும். கைவைத்தியம் வேறு: தொண்டைக்கட்டு வராமல் இருக்கக் கழுதைப் பால், வயிறு சுத்தமாக உரை மருந்து, மூக்கில் எண்ணெய், சாம்பிராணிப் புகை. நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இவற்றில் எதையும் ஒன்றரைக் கிலோ குழந்தையின் நுரையீரலும் குடலும் தாங்காது. வாட்ஸ்அப் குழுக்களில் இவை வேகமாகப் பரவுகின்றன. அதனால்தான் துணைத் தாய்மார்களைத் தேர்ந்தெடுத்து, எதைச் சொல்லலாம், எங்கே நிறுத்திக்கொண்டு நர்ஸைக் கூப்பிட வேண்டும் என்று பயிற்சி தர வேண்டியிருக்கிறது.

தாய்மார்களை உள்ளே விட்டால் கிருமி வரும் என்று கதவைச் சாத்தும் பழக்கம் நம் மருத்துவமனைகளில் நீண்ட காலம் இருந்தது. பல இடங்களில் இன்னும் இருக்கிறது. இதற்குப் பதில் டெல்லியிலிருந்தே வந்தது. சஃப்தர்ஜங் மருத்துவமனையில் தாயின் கட்டிலைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே போட்டார்கள். கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளின் மருத்துவமனைகளோடு சேர்ந்து உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு அது. ஒன்று முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். ஒரு பிரிவுக்குப் பிறந்தவுடனே கங்காரு அணைப்பு, தீவிர சிகிச்சையில் இருந்தபோது தினம் சுமார் 17 மணி நேரம். மறு பிரிவுக்கு நிலை சீரான பிறகுதான். 28 நாளுக்குள் இறந்தவர்கள் முதல் பிரிவில் 12 சதவீதம், இரண்டாவதில் 15.7. வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். கிருமித்தொற்றுச் சந்தேகமும் தாயோடு இருந்த குழந்தைகளிடமே குறைவு. 2021-ல் இது வெளியாக, 2022-ல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையையே மாற்றியது. டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனை இதற்கு முன்பே குடும்பத்தாருக்குப் பயிற்சி தந்து உள்ளே அனுமதித்திருந்தது. அந்த அனுபவத்தையொட்டி 2017-ல் மத்திய அரசு வழிகாட்டி நெறிமுறைகளும் வெளியிட்டிருக்கிறது. காகிதம் இருக்கிறது. கட்டில் போட இடம்தான் பல மாவட்ட மருத்துவமனைகளில் இல்லை.

டிஸ்சார்ஜ் ஆன நாளில் இன்னொரு தனிமை தொடங்குகிறது. வார்டில் பக்கத்தில் இருந்தவள் வேறு ஊர். இரண்டு மாதம் முன்கூட்டியே பிறந்த குழந்தை ஆறு மாதத்தில் ஏன் குப்புற விழவில்லை என்று கேட்பவர்களுக்கு, பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல் பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணச் சொல்லி யார் புரியவைப்பது? அதைவிட அவசரமானது கண். 34 வாரத்துக்கு முன்போ, இரண்டு கிலோவோ அதற்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே. பார்க்க வெளியே ஒன்றும் தெரியாது. கண் நன்றாகத்தான் இருக்கும். விழித்திரையில் தப்பாக வளரும் ரத்தக் குழாய்களை நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் வைத்துத் தடுத்துவிடலாம். தவறவிட்டால் பார்வை திரும்பாது. டிஸ்சார்ஜ் சீட்டில் இந்தத் தேதி எழுதியிருக்கும். தீட்டு, பெயர் சூட்டல், பனி, ‘இவ்வளவு சின்னதை வெளியே தூக்கிட்டுப் போறதா?’ என்ற மாமியாரின் கவலை என்று தள்ளிப்போக ஆயிரம் காரணம். அந்த வாரம் போன் வர வேண்டியது ஆஸ்பத்திரியிலிருந்து. பல சமயம் வருவது பழைய வார்டு தோழியிடமிருந்து: “வியாழக்கிழமை கண் டாக்டர் வர்றாங்க. நான் முத பஸ்ஸுல வர்றேன், நீயும் கிளம்பி வந்துடு. அத்தை ஏதாவது சொன்னா போனை அவங்ககிட்ட குடு, நான் பேசிக்கிறேன்.”