காத்திருப்பதும் உழைப்புத்தான்!

"விமானியா? அவருக்கென்ன குறை? வெள்ளைச் சட்டை, தோளிலே பொன்பட்டை, கை நிறையச் சம்பளம்! உப்புக்காற்றிலே உடல் கறுக்கும் காரைக்கால் தொழிலாளிக்கு அவர் கதை எதற்கு?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேள்வியிலே நியாயம் உண்டு. விடை தருகிறோம், பொறுமையுடன் கேளுங்கள்.

காரைக்காலிலே விமான நிலையம் இல்லை. ஆனால் விமானம் ஏறியவர் இல்லாத தெரு குறைவு. வளைகுடாவுக்கு வேலை தேடிச் செல்லும் தம்பியும், பிரான்சிலே குடியேறிய மகனைக் காணச் செல்லும் தாயும் திருச்சிக்கோ சென்னைக்கோ போய் விமானம் ஏறுகிறார்கள். அந்தத் தாயின் உயிர் யார் கையிலே? முன்னே அமர்ந்திருக்கும் இருவர் கையிலே! அந்த இருவரும் உறங்கி எழுந்து வந்தவர்களா, உறக்கத்தை விழுங்கி வந்தவர்களா என்பது நம் கேள்வியாகாதா?

விமானிகளுக்குப் பணிப்பட்டியல் தருவார்கள். இந்த நாள் இந்த ஊர், இந்த நாள் ஓய்வு என்று அதிலே இருக்கும். சில நாட்களுக்கு நேரே ஊர்ப்பெயர் இராது. 'ஸ்டாண்ட்பை' என்ற ஒரே சொல் இருக்கும். பொருள் என்ன? காத்திரு! ஒரு விமானிக்குக் காய்ச்சல் வரலாம். மூடுபனியால் விமானம் தாமதமாகலாம். வந்து சேர்ந்தவர் சட்டம் வகுத்த பணிநேரத்தைத் தொட்டுவிடலாம். அப்போது அழைத்தவுடன் வர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் காத்திருப்பு விமானி.

நமக்குத் தெரிந்த மொழியிலே சொன்னால், ஆலை வாயிலிலே நின்ற 'பதிலி'! நிரந்தரத் தொழிலாளி வராவிட்டால் பதிலிக்கு வேலை; வந்துவிட்டால், வந்த வழியே வீடு. பதிலிக்கு வாயிற்கதவு, விமானிக்குத் தொலைபேசி. வேற்றுமை அவ்வளவே!

காத்திருப்பிலே இரண்டு வகை. ஒன்று, சீருடை அணிந்து விமான நிலையத்திலேயே இருப்பது. அந்த நேரத்தைப் பணிநேரம் என்றே விதிகள் ஏற்கின்றன. மற்றொன்று, வீட்டிலே இருப்பது. வீட்டிலே இருந்தால் ஓய்வுதானே என்பீர்கள். ஓய்வா அது? வெளியூர்த் திருமணத்துக்குப் போக முடியாது. பிள்ளையைக் கடற்கரைக்கு அழைத்துப் போனாலும் காது தொலைபேசியிலே! படுத்தாலும் பாதி உறக்கம்! இந்த நேரத்துக்கு என்ன கணக்கு? ஐரோப்பிய விதி, வீட்டுக் காத்திருப்பு 16 மணிக்கு மேல் கூடாது என்கிறது. ஆனால் அதிலே கால் பங்கைத்தான் பணிநேரமாக ஏற்கிறது. முக்கால் பங்கு? காற்றோடு போயிற்று!

அமெரிக்க விதி வேறு. உடனடி அழைப்புக்குரிய காத்திருப்பு 14 மணிக்கு மேல் நீளக் கூடாது. இருவர் மட்டும் ஓட்டும் விமானமானால், காத்திருப்பு தொடங்கியதிலிருந்து பறக்கும் பணி முடியும் வரை மொத்தம் 16 மணியைத் தாண்டக் கூடாது. காலை 6 மணிக்குக் காத்திருக்கத் தொடங்கியவர், மாலையிலே அழைக்கப்பட்டாலும், இரவு 10 மணிக்குள் பணியை முடித்தாக வேண்டும். அழைப்பு வராததால் அவர் உறங்கினார் என்று பொருளல்ல என்பதை அந்த விதி ஒப்புக்கொள்கிறது.

அந்த ஒப்புதல் எளிதிலே வந்ததா? இல்லை. 2009 பிப்ரவரி 12 இரவு, பஃபலோ நகரருகே கோல்கன் நிறுவன விமானம் வீழ்ந்து 50 பேர் மாண்டனர். விமானத்தைக் கையாண்ட முறையே காரணம் என்றது விசாரணை. ஆனால் அதை ஓட்டிய இருவருமே முந்திய இரவு முறையான படுக்கையிலே உறங்கியவர்கள் அல்லர் என்பதும் வெளிவந்தது. மாண்டோரின் குடும்பத்தார் ஓயாது குரல் கொடுத்தனர். 2010லே சட்டம் வந்தது. 2014 ஜனவரி 4 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன.

இங்கே நடந்தது என்ன? 2024 ஜனவரியிலே புதிய ஓய்வு விதிகள் அறிவிக்கப்பட்டன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. இரவுத் தரையிறக்கம் 6லிருந்து 2. நிறுவனங்கள் முனகின, தள்ளிப்போட்டன. டில்லி உயர்நீதிமன்றம் வரை வழக்குச் சென்ற பிறகு, 2025 ஜூலையிலே ஒரு பகுதியும் நவம்பரிலே மறுபகுதியும் நடைமுறைக்கு வந்தன. டிசம்பரிலே கூத்து அரங்கேறிற்று! உள்நாட்டுப் பயணிகளிலே பாதிக்கு மேற்பட்டோரைச் சுமக்கும் இண்டிகோ, டிசம்பர் 5 அன்று ஒரே நாளிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணங்களை ரத்து செய்தது. விமான நிலையங்களிலே மக்கள் தரையிலே கிடந்தனர்.

உடனே, "ஓய்வு கொடுத்ததால் வந்த வினை" என்றனர் சிலர். விந்தையான வாதம்! விதி வரப்போவது ஏறத்தாழ இரண்டாண்டுகளாகத் தெரியும். ஆள் சேர்த்தார்களா? காத்திருப்புப் படையைப் பெருக்கினார்களா? பட்டியலை இறுக்கிக் கட்டி, இடைவெளியே இல்லாமல் செய்துவிட்டால், ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் மூட்டை முழுவதும் சரியாதா? ஆனால் அரசு செய்தது என்ன? இரவுப்பணி விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு! தவறு திட்டமிட்டவருடையது, தண்டனை விமானியின் உறக்கத்துக்கு!

"சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுப்பதா?" என்று கணக்கர் கேட்பார். தீயணைப்பு நிலையத்து வீரர் தீ இல்லாத நாளிலே அமர்ந்திருக்கிறாரே, அது சோம்பலா? அவர் அமர்ந்திருக்கிறார் என்பதால்தான் ஊர் அமைதியாக உறங்குகிறது!

நேரத்தைக் கணக்கிடு என்று கேட்பது நமக்குப் புதிதன்று. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். அந்தப் போராட்டத்தின் பின் 1937லே, காரைக்காலும் அடங்கியிருந்த பிரெஞ்சிந்தியாவிலே, 8 மணி நேர வேலைச் சட்டம் வந்தது. சென்னைத் துறைமுகத்திலே பதிவு பெற்ற தொழிலாளி, வந்து நின்றும் வேலை கிடைக்காத நாளுக்கு வருகைப்படி பெற்றான். பிச்சையல்ல அது, வந்து நின்றதற்குக் கூலி!

இன்று காத்திருப்போர் யார் யார், எண்ணிப் பாருங்கள். பணிமனையிலே மாற்று ஓட்டுநர், சரக்குக்கு வரிசையிலே நிற்கும் லாரிக்காரர், உணவு கொண்டு தரும் அழைப்புக்காகக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு மரத்தடியிலே நிற்கும் இளைஞன். விமானிக்குக் கால் பங்காவது கணக்கிலே ஏறுகிறது. இந்த இளைஞனுக்கு?

ஆகவே தோழர்களே, விமானியின் சம்பளத்தைக் கண்டு முகம் திருப்பாதீர்கள். அவர் கேட்பதும் நாம் கேட்பதும் ஒன்றே: எங்கள் நேரத்தை நீ கட்டி வைத்தால், அந்த நேரம் உன் கணக்கிலே ஏற வேண்டும்! அடுத்த சங்கக் கூட்டத்திலே இதைப் பேசுங்கள். வேலை செய்த மணியை மட்டுமல்ல, வேலைக்காகக் காத்திருந்த மணியையும் எழுதி வாருங்கள். எழுதிப் பார்த்தால்தான் தெரியும், நம் வாழ்நாளிலே எவ்வளவை விலையின்றிக் கொடுத்திருக்கிறோம் என்பது!