புது வீட்டுக் கதவுக்கு எந்த லாக், எந்தத் தாழ்ப்பாள்? காசு கொடுக்கும் முன் இதைக் கவனிங்க!

வீடு கட்டும்போது சிமெண்ட், கம்பி, டைல்ஸ் என ஒவ்வொன்றுக்கும் நாலு கடை ஏறி இறங்குவோம். ஆனால் கதவுக்கான லாக், தாழ்ப்பாள் விஷயத்தில் மட்டும் "ஆசாரி பார்த்து வாங்கிக்குவார்" என்று விட்டுவிடுவோம். கிரகப்பிரவேசம் முடிந்து முதல் மழை வந்ததும் பிரச்னை ஆரம்பிக்கும். தாழ்ப்பாள் குழியில் விழாது, கைப்பிடி ஆடும், பாத்ரூம் கதவு உள்ளே மாட்டிக்கொள்ளும்.

விழுப்புரம் மாவட்டம் அனந்தபுரத்தில் வீடு கட்டுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஹார்டுவேர் கடைக்குப் போகும் முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? பார்க்கலாம்.

முதல் கேள்வி: உள்ளே இருப்பவர் வெளியே வர முடியுமா?

பூட்டு வாங்கும்போது நம்ம மனசில் இருப்பது திருடன் மட்டும்தான். ஆனால் ஒரு கதவுக்கு இரண்டு வேலை உண்டு. வெளியே இருப்பவரைத் தடுக்க வேண்டும். அவசரம் என்றால் உள்ளே இருப்பவரை உடனே வெளியே விடவும் வேண்டும்.

நம்ம ஊர் வீடுகளில் எல்லா ஜன்னலுக்கும் இரும்புக் கம்பி போட்டிருப்போம். அதனால் தீ பிடித்தாலோ, கேஸ் கசிந்தாலோ கதவு மட்டும்தான் வழி. ராத்திரியில் கிரில் கேட்டை உள்பக்கமாகப் பூட்டிவிட்டு, சாவியை பீரோவில் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. புகை சூழ்ந்த இருட்டில் அந்தச் சாவியைத் தேடி எடுப்பது லேசான காரியம் இல்லை.

எனவே வாசல் கதவுக்கு லாக் வாங்கும்போது, வெளிப்பக்கம் சாவி, உள்பக்கம் கையால் திருகும் குமிழ் உள்ள சிலிண்டராகக் கேளுங்கள். இரண்டு பக்கமும் சாவி போடும் சிலிண்டர் என்றால், உள்ளே இருப்பவரும் சாவியைத் தேட வேண்டியிருக்கும். அந்த வகையில் இன்னொரு சிக்கலும் உண்டு. உள்பக்கம் ஒரு சாவி மாட்டியபடியே இருந்தால், பல மாடல்களில் வெளியிலிருந்து வேறு சாவி போட்டுத் திறக்க முடியாது.

எந்தக் கதவுக்கு எது?

வாசல் கதவு: கதவின் ஓரத்தைக் குடைந்து உள்ளே பதிக்கும் மார்டிஸ் லாக் நல்லது. கூடவே ஒரு ஆல்ட்ராப் இருந்தால், ஊருக்குப் போகும்போது வெளியே தனிப் பூட்டும் போடலாம். லாக் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், நிலையில் அடிக்கும் தகடு சின்ன ஸ்குரூவில் நின்றால் ஒரே உதையில் பெயர்ந்துவிடும். நிலை மரத்தில் ஆழமாக இறங்கும் நீளமான ஸ்குரூ போடச் சொல்லுங்கள்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச்: வசதிதான், ஆனால் கவனம் தேவை. குப்பை கொட்ட வெளியே வந்த நேரத்தில் காற்றில் கதவு சாத்திக்கொண்டால், அடுப்பு எரிய, குழந்தை உள்ளே, நீங்கள் வெளியே. நாக்கை உள்ளேயே நிறுத்திவைக்கும் பட்டன் உள்ள மாடலாக வாங்குங்கள். ஒரு சாவியை நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.

படுக்கையறை: லீவர் கைப்பிடியோடு கூடிய லாக் போதும். வயதானவர்கள் தனியாகத் தூங்கும் அறையில், கதவின் உச்சியில் டவர் போல்ட் வேண்டாம். அவர்கள் உள்ளே விழுந்துவிட்டால், கதவை உடைக்காமல் யாரும் போக முடியாது.

பாத்ரூம்: அதிகம் யோசிக்க வேண்டியது இங்கேதான். உள்ளே தாழ் போட்டாலும், வெளியிலிருந்து ஒரு காசையோ ஸ்குரூ டிரைவரையோ வைத்துத் திருகினால் திறக்கும் லாட்ச் கடைகளில் கிடைக்கிறது. குழந்தையும் பெரியவரும் இருக்கும் வீட்டுக்கு அதுதான் சரி. பி.வி.சி. கதவாக இருந்தால், வெறும் ஸ்குரூ நாளடைவில் பிடிப்பு விட்டுவிடும். கதவைத் துளைத்து மறுபக்கம் நட்டு போட்டு முடுக்கச் சொல்லுங்கள்.

உருண்டைக் குமிழா, லீவரா?

உருண்டைக் குமிழ் பார்க்க அழகு. ஆனால் அதை இறுகப் பிடித்துத் திருக வேண்டும். கையில் சோப்போ எண்ணெயோ இருந்தால் வழுக்கும். மூட்டுவலி உள்ளவர்களுக்குச் சிரமம். லீவர் என்றால் இரண்டு கையிலும் குடம் இருந்தாலும் முழங்கையால் அழுத்தித் திறக்கலாம்.

இதே காரணத்துக்காகத்தான் கனடாவின் வான்கூவர் நகரம், புதிதாகக் கட்டும் வீடுகளில் லீவர் கைப்பிடிதான் வைக்க வேண்டும் என்று 2013-ல் விதியைத் திருத்தியது. அது 2014 மார்ச்சில் அமலுக்கு வந்தது.

லீவரிலும் ஒரு குறை உண்டு. நுனி நீட்டிக்கொண்டிருந்தால் புடவை முந்தானையும் துப்பட்டாவும் மாட்டும். நுனி கதவுப் பக்கமாக வளைந்திருக்கும் மாடல் இருக்கிறதா என்று கேளுங்கள். தரையிலிருந்து 900 முதல் 1000 மி.மீ. உயரத்தில், அதாவது சுமார் மூன்று அடியில் கைப்பிடி இருந்தால் எல்லோருக்கும் எட்டும்.

மழையில் ஏன் தாழ்ப்பாள் விழுவதில்லை?

மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், வெயிலில் சுருங்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. சித்திரை வெயிலும் இப்படிப்பட்ட மழையும் மாறி மாறி வரும் மாவட்டத்தில், கதவு ஆண்டு முழுக்க ஒரே அளவில் இருக்காது.

ஆசாரியிடம் சொல்ல வேண்டியது இதுதான்: காயாத மரத்தில் லாக் பதிக்க வேண்டாம். கதவுக்கும் நிலைக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். கதவின் மேல், கீழ் ஓரங்களுக்கும் சேர்த்து வார்னிஷ் அடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று அதை விட்டுவிட்டால், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும்.

எந்த உலோகம் துருப்பிடிக்காது?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 202, 304, 316 என்று ரகங்கள் உண்டு. 202-ல் நிக்கல் குறைவு, விலையும் குறைவு. ஈரமான இடத்தில் சீக்கிரம் கறை படியும். 304 வீட்டுக்கு நல்ல தேர்வு. மரக்காணம், கோட்டக்குப்பம் போல உப்புக் காற்று அடிக்கும் கடலோரத்தில் வெளிக்கதவுக்கு 316 இன்னும் தாங்கும்.

"காந்தம் ஒட்டலைன்னா 304" என்று சிலர் சொல்வார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். 202-லும் காந்தம் சரியாக ஒட்டாது. பொருளில் பொறித்திருக்கும் ரகத்தைப் பாருங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள். பித்தளையும் நீண்ட நாள் உழைக்கும், அவ்வப்போது துடைக்க வேண்டும். தரத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எண்களும் உண்டு. டவர் போல்ட்டுக்கு ஐ.எஸ். 204, மார்டிஸ் லாக்குக்கு ஐ.எஸ். 2209.

திண்டுக்கல் பூட்டு இருக்கே!

ஆல்ட்ராப்புக்குத் தனிப் பூட்டு வாங்கும்போது திண்டுக்கல் பூட்டையும் மறக்க வேண்டாம். கையால் செய்யப்படும் இந்தப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உத்தரப் பிரதேசத்தின் அலிகார் பூட்டுகளோடு விலையில் போட்டி போட முடியாமல் இந்தத் தொழில் சுருங்கி வருகிறது. திண்டுக்கல் பூட்டு என்ற பெயரில் வேறு பூட்டும் விற்கப்படலாம் என்பதால், தெரிந்த கடையில் கேட்டு வாங்குவது நல்லது.

பட்ஜெட் கம்மியா இருக்கா?

கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு தருவது 3.5 லட்சம் ரூபாய். இப்படி எண்ணி எண்ணிச் செலவு செய்யும் வீட்டில் எல்லாக் கதவுக்கும் விலை உயர்ந்த லாக் போட முடியாது, தேவையும் இல்லை. முதலில் வாசல் கதவு, அடுத்து பாத்ரூம் லாட்ச். மற்ற அறைகளுக்கு சாதாரணத் தாழ்ப்பாளே போதும்.

கடைக்குப் போகும் முன் குறித்துக்கொள்ளுங்கள்:

* கதவின் கனம் எவ்வளவு? பிளஷ் டோர் பெரும்பாலும் 30 அல்லது 35 மி.மீ. இருக்கும். லாக்கும் சிலிண்டரும் அதற்கேற்ற அளவில் வேண்டும்.
* கதவு இடப்பக்கம் திறக்கிறதா, வலப்பக்கமா? சில லீவர்களை மாற்றிப் பொருத்த முடியாது.
* எத்தனை சாவி தருகிறார்கள்? சிலிண்டரை மட்டும் தனியாக மாற்ற முடியுமா?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். வேலை நடக்கும்போது உங்கள் வீட்டுச் சாவி மேஸ்திரி, பெயின்டர், எலக்ட்ரீஷியன் எனப் பல கை மாறியிருக்கும். எல்லா வேலையும் முடிந்து குடியேறும் அன்று சிலிண்டரை மட்டும் மாற்றிவிடுங்கள். பிறகு ஒரு சோதனை: விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் உள்ளேயிருந்து வாசல் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். பாட்டிக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் அந்த இருட்டில் கதவு திறந்தால், நீங்கள் வாங்கியது சரியான லாக்.