தண்டவாளம் மறைந்த வழியில் மிதிவண்டிப் பயணம்

‘போட் மெயில்’ என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மலரும் பெரியவர்கள் திண்டிவனம், பெருமுக்கல், மரக்காணம் பக்கத்து ஊர்களில் இன்னும் சிலர் உளர். சென்னை எழும்பூரில் மாலையில் புறப்பட்டுத் திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே விரைந்த அந்தப் புகைவண்டிக்கு முடிவிடம் தனுஷ்கோடி. அங்கே இறங்கியோர் கப்பலேறித் தலைமன்னாரில் கரை சேர்ந்து, மீண்டும் புகைவண்டியில் கொழும்பு நகரை அடைவர். 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது முதல் 1964 டிசம்பர் வரை, ஐம்பது ஆண்டுகள் இந்த ஏற்பாடு நடந்து வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற நம் ஏழைக் குடும்பங்கள் பலவும், மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்கு உட்பட்ட பின் இவ்வழியாகவே கடல் கடந்தன.

இன்று அந்த இருப்புப் பாதை இல்லை. அது சென்ற மணல்திட்டின் மீது தார்ச்சாலை ஒன்று செல்கிறது. சென்ற தை மாதத்தில், பெருமுக்கல் பக்கத்து இளைஞர் நால்வருடன் நாம் மிதிவண்டியில் அச்சாலையைக் கடந்து வந்தோம்.

இராமேசுவரம் ஊரிலிருந்து நிலத்தின் கடைக்கோடியாகிய அரிச்சல்முனை வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் உள்ள ஒன்பதரைக் கிலோமீட்டரும் நெடுங்காலம் வெறும் மணலாகவே கிடந்தன. வேன்களும் ஜீப்புகளுமே தட்டுத்தடுமாறிச் சென்று வந்தன. 2017 ஜூலையில்தான் இந்தப் பகுதிக்குச் சாலை திறக்கப்பட்டது. மேடு பள்ளம் இல்லாத சமதளச் சாலை. மிதிவண்டிக்கு இதைவிட எளிய வழி வேறில்லை என்று எண்ணித்தான் புறப்பட்டோம். ஆனால் தை மாதத்து வாடைக்காற்று சாலையின் நிறத்தையோ தரத்தையோ பார்ப்பதில்லை. கோதண்டராமர் கோயிலுக்குத் திரும்பும் இடம் வரை கலகலவென்று பேசி வந்த இளைஞர்கள், அதன்பின் குனிந்த தலை நிமிராமல் மிதித்தார்கள். எதிர்க்காற்றோடு வந்த மணல் கண்ணிலும் பல்லிடுக்கிலும் புகுந்தது.

சாலையின் இருமருங்கும் கடல். இடப்புறம் பாக் நீரிணை. ஆழம் குறைந்தது, பெரும்பாலும் அமைதியானது. வலப்புறம் மன்னார் வளைகுடா, ஓயாமல் அலையடிப்பது. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் அங்குள்ள மீனவர்கள் அழைக்கிறார்கள். கரையோரச் சேற்றுநீரில் பூநாரைகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. கார்களில் வந்தோர் அவற்றைக் கண்டிருப்பார்களா என்பது ஐயமே. எல்லா வண்டிகளும் எல்லைமுனையை நோக்கிப் பறந்தன. அங்குள்ள தூணருகே படம் எடுத்துக்கொண்டு, வந்த வேகத்திலேயே திரும்பிப் பறந்தன. சாலை வந்ததால் ஊரைக் காண்பது எளிதாயிற்று; அதனாலேயே ஊரைக் காணாமல் போவதும் எளிதாயிற்று என்றே நமக்குத் தோன்றுகிறது.

வழியில் இறங்கிப் பார்க்க வேண்டியவை நிற்கின்றன. புகைவண்டி நிலையத்தின் இடிந்த சுவர்கள், நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் ஏற்றிய தொட்டியின் தூண்கள், அஞ்சல் நிலையத்தின் எச்சம். இவற்றோடு ஓர் ஆலயமும் உண்டு. கூரை இல்லை. பவளப்பாறைக் கற்களால் எழுப்பிய சுவர்கள் உப்புக்காற்றில் அரித்துப் புள்ளி புள்ளியாய் நிற்கின்றன. பீடம் இருந்த பக்கத்து வளைவு மட்டும் இன்னமும் ஆலயம் என்று அடையாளம் காட்டுகிறது. அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சில நாள்களே இருந்தன. விழாவுக்கு ஆயத்தமாகியிருந்த மக்கள் அந்தச் சுவர்களுக்குள் கூடியிருப்பார்கள் அல்லவா?

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு பெரும் புயல் அவ்வூரைத் தாக்கியது. பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் பயணிகள் வண்டி தனுஷ்கோடியை நெருங்கிய வேளையில், கைகாட்டி விளக்கு எரியாததால் சற்று நின்றதாகவும், பின்பு ஓட்டுநர் நீண்ட ஊதல் கொடுத்து வண்டியை மெல்ல நகர்த்தியதாகவும் கூறுவர். கடல் எழுந்து வந்து பெட்டிகளை மூடிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் கரையேறவில்லை. ஊரிலும் சுற்றுப்புறத்திலும் இறந்தோர் ஆயிரத்துக்கு மேல். அவர்களில் பலருக்குக் கல்லறை கிடையாது; உடல்கள் கிடைத்தால்தானே அடக்கம் செய்ய?

சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் சீர்செய்து முடித்தார்கள். ஆனால் தனுஷ்கோடிக்குச் சென்ற கிளை கைவிடப்பட்டது. ஊரும் குடியிருக்கத் தகாதது என அறிவிக்கப்பட்டது. 2019-இல் அப்பாதையை மீண்டும் அமைக்க அடிக்கல் நாட்டினார்கள். தண்டவாளம் இன்னும் வரவில்லை. அந்த மெல்லிய மணல்திட்டு இன்னொரு புயலைத் தாங்குமா என்ற கேள்வி இருக்கையில், வராமல் இருப்பதே நல்லது என்பது நம் கருத்து.

கைவிட்ட இருப்புப் பாதையை மக்கள் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் வழியாக்குவது உலகில் புதிதன்று. நம்மவர்க்கு அறிமுகமான இடம் சிங்கப்பூர். மலாயாப் புகைவண்டிப் பாதைகளில் தமிழ்த் தொழிலாளர் எத்தனையோ பேர் வியர்வை சிந்தினர். அந்நகரின் நடுவே ஓடிய பாதையில் 2011 ஜூன் 30-ஆம் நாள் கடைசி வண்டி சென்றது. அதன்பின் 24 கிலோமீட்டர் நீளத்துக்கு அது பசுமை வழியாயிற்று. இரும்புப் பாலங்களையும் பழைய நிலையத்தையும் பேணிக் காக்கிறார்கள். அங்கே இரு அரசுகள் பேசி முடிவு செய்து பாதையை மூடின. இங்கே மூடியது கடல். ஆகவே அங்குள்ள பூங்கா மனநிலையை இங்கே அப்படியே கொண்டுவருவது பொருந்தாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனுஷ்கோடி மனிதர் அற்ற ஊர் அன்று. மீனவக் குடும்பங்கள் பல ஓலைக்குடிசைகளில் வாழ்கின்றன. மணலில் சில அடி தோண்டினால் ஊறும் நன்னீரே அவர்களுக்குக் குடிநீர். இருபுறமும் உப்புக்கடல் சூழ்ந்த நிலத்தில் அது எப்படி இனிக்கிறது என்று நம் இளைஞர்கள் வியந்தார்கள். பெய்த மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவோடு இறைக்கும்வரை இனிக்கும். ஊற்றருகே குப்பையையும் சோற்றுப் பொட்டலத்தையும் வீசிச் செல்வோர் இதை அறிவார்களா? ஒரு மூதாட்டி நமக்குச் செம்பு நிறையத் தண்ணீர் தந்து, “சாமிகளா, பொழுது சாயுறதுக்குள்ள திரும்பிடுங்க” என்றார்.

செல்ல விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். எழும்பூரிலிருந்து இராமேசுவரம் செல்லும் வண்டிகள் 2025 ஏப்ரல் முதல் புதிய பாம்பன் பாலத்தின் மீது செல்கின்றன. விழுப்புரத்தில் ஏறலாம், கட்டணம் செலுத்தினால் மிதிவண்டியைச் சரக்குப் பெட்டியில் அனுப்பலாம். காலை ஆறு மணிக்கே புறப்படுவது நலம். வழியில் நிழல் இல்லை. தலைக்குத் துண்டும் போதிய தண்ணீரும் வேண்டும். தை, மாசியில் வாடைக்காற்று வீசும். மன்னார் வளைகுடாப் பக்கம் குளிக்க இறங்க வேண்டாம், நீரோட்டம் வலியது. இருட்டிய பின் அங்கே தங்க அனுமதி கிடையாது.