அதிபர் சொல்லாமல் விட்ட பதில்

1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. பள்ளிகளில் வெள்ளையர் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றது அந்தத் தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக எடுத்த முடிவு அது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி ஏர்ல் வாரனை முந்தைய ஆண்டில் நியமித்தவர் அதிபர் ஐசனோவர்.

இரண்டு நாள் கழித்து, அந்தப் பிரிவினையைக் கடைப்பிடித்துவந்த தென் மாநிலங்களுக்கு என்ன அறிவுரை சொல்வீர்கள் என்று செய்தியாளர்கள் ஐசனோவரைக் கேட்டார்கள். நீதிமன்றம் சொல்லிவிட்டது, நான் கீழ்ப்படிவேன் என்றார். தீர்ப்பு சரியா, தவறா என்பதை அன்றும் சொல்லவில்லை. அதன்பின் ஆட்சியில் இருந்தவரையிலும் சொல்லவில்லை.

அதற்கான காரணத்தை 1965இல் வெளியான தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். ஒரு தீர்ப்பைப் பற்றிக் கருத்துச் சொன்னால் எல்லாவற்றுக்கும் சொல்ல வேண்டிவரும். என்றாவது ஒன்றை ஏற்கவில்லை என்று சொல்ல நேர்ந்தால், அதை இவர் முழுமனதோடு நிறைவேற்றுவாரா என்ற சந்தேகம் கிளம்பும். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. ஆனால் அதே இடத்தில், இந்தத் தீர்ப்பைத் தாம் முழுமையாக ஏற்றதாகவும் அவர் எழுதியிருக்கிறார். மனதில் இருந்த ஒப்புதல் மக்களுக்குத் தெரியவரப் பதினோரு ஆண்டுகள் ஆயின.

அந்த இடைவெளியில் மற்றவர்கள் பேசினார்கள். 1956 மார்ச்சில் தென் மாநில நாடாளுமன்ற உறுப்பினர்கள் நூறு பேர் அளவில் கூட்டறிக்கை வெளியிட்டு, நீதிபதிகள் அதிகார மீறல் செய்துவிட்டதாகக் கண்டித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளை வழிநடத்திய ஐசனோவருக்குத் தெற்கு வெள்ளையர்களிடமும் நல்ல மதிப்பு இருந்தது. அவர்களிடம் எடுத்துச் சொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

1957 செப்டம்பரில் அர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் நெருப்புப் பற்றியது. சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் சேர வந்த ஒன்பது கறுப்பின மாணவர்களை, ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ் மாநிலக் காவல் படையை நிறுத்தித் தடுத்தார். (அங்கே ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்.) கூச்சலிடும் கூட்டத்துக்கு நடுவே புத்தகத்தை அணைத்தபடி தனியாக நடந்த மாணவியின் புகைப்படம் உலகெங்கும் பரவியது. செப்டம்பர் 24 அன்று ஐசனோவர் ராணுவத்தின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவைச் சேர்ந்த சுமார் ஆயிரம் வீரர்களை அனுப்பினார். துணிச்சலான முடிவுதான். ஆனால் அன்றிரவு தொலைக்காட்சி உரையிலும், தீர்ப்பைப் பற்றிய தனிப்பட்ட கருத்துக்கும் அதை நிறைவேற்றுவதற்கும் தொடர்பில்லை என்றே சொன்னார்.

பேசுவதென்றால் பாராட்டத்தான் வேண்டும் என்பதில்லை. கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று 1857இல் அதே நீதிமன்றம் டிரெட் ஸ்காட் வழக்கில் தீர்ப்பளித்தபோது, இன்னும் அதிபராகியிராத லிங்கன் ஸ்பிரிங்ஃபீல்டில் அதைப் பகிரங்கமாக மறுத்தார். நாடு உருவான காலத்தில் 13 மாநிலங்களில் ஐந்தில், அடிமையல்லாத கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை இருந்ததை ஆதாரமாகக் காட்டினார். தீர்ப்பை எதிர்த்துக் கிளர்ச்சி செய்யமாட்டோம், நீதிமன்றமே அதை மாற்றிக்கொள்ள முயல்வோம் என்றார். பணிவும் மறுப்பும் ஒரே உரையில் இருந்தன. காரணத்தை அவர் மக்கள் முன் வைத்ததால் அவர்களும் அதை எடைபோட முடிந்தது.

அதிபர் வாய் திறந்திருந்தால் பின்னாளில் நேர்ந்த இனப் பூசல்களில் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம் என்று வாரன் கருதினார். ஒரு பேச்சில் தலைமுறை வெறுப்பு கரைந்துவிடாது. ஆனால் லிட்டில் ராக் பள்ளி வாரியம், கறுப்பின மாணவர்களைப் படிப்படியாகச் சேர்க்கும் திட்டத்தை 1955இலேயே தயாரித்திருந்தது. சட்டத்துக்கு இணங்க முன்வந்த அத்தகைய உள்ளூர் அதிகாரிகளுக்குத்தான் அதிபரின் ஆதரவுச் சொல் தேவைப்பட்டது. 1958இல் ஃபாபஸ் அந்த நகரத்து உயர்நிலைப் பள்ளிகளை ஒரு கல்வியாண்டு முழுவதும் மூடிவைத்தார். அவர் மொத்தம் ஆறு முறை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.